நுரையீரலில் கத்தி வைக்கலாமா?



நுரையீரலில் கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவுடன், நோயாளியை அழைத்து வந்தவர்கள் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், நுரையீரல்ல கத்தி வைக்கலாமா?" என்பதுதான். வயிற்றில் கட்டி என்றால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எப்போது ஆபரேஷன், எவ்வளவு செலவு ஆகும் என்றுதான் கேட்பார்கள். நுரையீரல் என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு பயம் சேர்ந்துகொள்கிறது. மூச்சு நின்றுபோகும் என்பது ஒன்று. கத்தி பட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்பது இன்னொன்று.

வைக்கலாம் என்பது என் பதில். ஆனால் யாருக்கு, எப்போது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அந்த 'எப்போது' என்பதை மருத்துவ உலகம் என்ன விலை கொடுத்துக் கற்றது, நம் ஊரில் அது எப்படிக் கைநழுவிப் போகிறது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதல் பயத்தை அறியாமை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நூறு ஆண்டுகளுக்கு முன் உலகின் பெரிய பெரிய அறுவை மருத்துவர்களுக்கும் அதே பயம் இருந்தது. நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. விட்டால் அது சுருங்கத்தான் பார்க்கும். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வும் மார்புக்கூட்டின் உட்புறச் சவ்வும், நடுவே சிறிது ஈரத்தோடு, நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் போல ஒட்டிக்கொண்டு வழுக்குகின்றன. அதனால் மார்பு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிகிறது. அந்த மெல்லிய இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. மார்பைத் திறந்த மறுகணம் வெளிக்காற்று உள்ளே பாயும், நுரையீரல் சுருங்கிவிடும், மூச்சு திணறும். வயிற்றையும் மூளையையும் திறந்த கைகள் மார்பின் வாசலில் நின்றுவிட்டதற்கு இதுவே காரணம்.

1904இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் ஃபெர்டினாண்ட் சாவர்புருக் என்ற இளம் மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறை கட்டினார். நோயாளியின் உடல் அந்த அறைக்குள் இருக்கும், தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மருத்துவரும் உதவியாளர்களும் அறைக்குள் நின்றே அறுவை செய்வார்கள். கொஞ்ச காலத்தில் இதைவிட எளிய வழி வந்தது. மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செருகி, காற்றை உள்ளே செலுத்தி நுரையீரலை விரிய வைப்பது. 1949இல் ஸ்வீடனின் எரிக் கார்லென்ஸ் இரட்டைப் பாதையுள்ள குழாய் ஒன்றை உருவாக்கினார். அந்த வகைக் குழாய்தான் இன்று எங்களுக்கு உயிர்நாடி. ஒரு நுரையீரல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது மற்றொன்றை ஓய்வாகச் சுருங்கவைத்து அதில் வேலை செய்கிறோம். எனவே உங்கள் முதல் பயத்துக்கு விடை மயக்க மருந்து நிபுணரின் கையில் இருக்கிறது. அவர் நோயாளியின் தலைமாட்டிலிருந்து ஒரு நிமிடமும் நகர்வதில்லை.

இனி, காலம் பார்த்துக் கத்தியை எடுப்பது பற்றி. இதில் ஒரு மனிதரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் எவார்ட்ஸ் கிரஹாம். அமெரிக்கர்.

1918. உலகப் போருக்காக அமெரிக்காவில் ராணுவ முகாம்கள் நிரம்பி வழிந்த நேரம். தட்டம்மையும் இன்ஃப்ளூயன்ஸாவும் பரவின. அதைத் தொடர்ந்து நிமோனியா, அதன் பின் மார்புக்குள் சீழ். சீழ் எங்கே கட்டினாலும் உடனே கீறி வெளியேற்று என்பது ஹிப்பாக்ரட்டீஸ் காலத்துப் பாடம். ராணுவ மருத்துவர்கள் அப்படியே செய்தார்கள். சராசரியாக 100க்கு 30 வீரர்கள் இறந்தார்கள். சில முகாம்களில் அதற்கும் மேலே. ராணுவம் இதை ஆராய ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த கிரஹாம் நாய்களிடம் சோதனை செய்து காரணத்தைக் கண்டார். நோயின் தொடக்க நாட்களில் திரவம் நீர்த்து இருக்கும், நுரையீரல் இன்னும் மார்புச் சுவரோடு ஒட்டியிருக்காது. அப்போது கீறினால் அந்தப் பக்க நுரையீரல் சுருங்குவதோடு, மார்பின் நடுப்பகுதியே நகர்ந்து மறுபக்க நுரையீரலும் நசுங்கும். வீரர்களைச் சீழ் கொல்லவில்லை, அவசரமான கீறல்தான் கொன்றது. முதலில் ஊசியாலோ மூடிய குழாயாலோ நீரை எடுங்கள், சீழ் கெட்டியாகி நுரையீரல் ஒட்டிக்கொண்ட பிறகு திறவுங்கள், அதுவரை நோயாளிக்கு நல்ல உணவு கொடுங்கள் என்றது குழு. அதைப் பின்பற்றிய முகாம்களில் இறப்பு 100க்கு 5க்கும் கீழே இறங்கியது.

குழு சொன்ன அந்த மூடிய குழாய் இன்றும் இருக்கிறது. மருத்துவமனையில் மார்பில் டியூப் போட்டவரின் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நிரம்பிய பாட்டில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். டியூபின் முனை அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சீழும் வெளியே வரலாம், வெளிக்காற்று மட்டும் உள்ளே போக முடியாது. மிக எளிய ஏற்பாடு. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பாட்டிலைக் காலால் தட்டாதீர்கள், கட்டில் மேலே தூக்கியும் வைக்காதீர்கள். தூக்கினால் தண்ணீர் மார்புக்குள்ளே திரும்பிப் போகும்.

காத்திருந்து உயிர்காக்கக் கற்றுத்தந்த அதே கிரஹாம், காத்திருக்காமல் துணியவேண்டிய நாள் 1933 ஏப்ரல் 5ஆம் தேதி வந்தது. செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனை. நோயாளி ஜேம்ஸ் கில்மோர், 48 வயது, பிட்ஸ்பர்க் நகரத்து மகப்பேறு மருத்துவர். இடது நுரையீரலில் புற்றுநோய். மேல்மடலை மட்டும் எடுப்பதாகத் திட்டம். கில்மோர் நம்பிக்கை இழந்திருந்தார். அறுவைக்கு முன் ஊருக்குப் போய்த் தன் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டு, கல்லறைக்கு இடமும் வாங்கி வைத்துவிட்டு வந்தார். மார்பைத் திறந்து பார்த்தபோது கட்டி மேல்மடலோடு நிற்கவில்லை, பிரதான மூச்சுக்குழாயை நெருங்கியிருந்தது. மடலை மட்டும் எடுத்தால் நோயின் வேர் உள்ளே தங்கும். முழு இடது நுரையீரலையும் எடுத்தால்? புற்றுநோய்க்காக ஒரே அமர்வில் அப்படி எடுத்து அதுவரை எவரும் பிழைத்ததில்லை. கிரஹாம் விலங்குகளிடம் மட்டுமே செய்து பார்த்திருந்தார். அறுவை அரங்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கில்மோரின் மருத்துவ நண்பரிடம் கலந்து பேசினார். பிறகு எடுத்தார். வெற்றிடம் நிரம்பட்டும் என்று பல விலா எலும்புகளையும் அகற்றினார்.

பின்னால் சீழ் பிடித்தது, மறுபடி அறுவை நடந்தது, கில்மோர் பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார். ஆனால் பிழைத்தார். மறுபடி பிரசவம் பார்க்கப் போனார். ஒற்றை நுரையீரலோடு ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு நுரையீரல் போதுமா என்று கேட்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. நுரையீரல் புற்றுநோய் அந்தக் காலத்தில் அபூர்வம். 1919இல் அதே பார்ன்ஸ் மருத்துவமனையில் ஒரு பிணப் பரிசோதனைக்கு மாணவர்கள் அழைக்கப்பட்டார்கள். இப்படி ஒரு நோயை உங்கள் வாழ்நாளில் மறுபடி பார்க்கமாட்டீர்கள் என்றார் பேராசிரியர் ஜார்ஜ் டாக். அந்த மாணவர்களில் ஒருவர் ஆல்டன் ஆக்ஸ்னர். 1936இல் ஆறே மாதத்தில் ஒன்பது நோயாளிகளைப் பார்த்துத் திடுக்கிட்டார். எல்லாரும் ஆண்கள். எல்லாரும் முதல் உலகப் போர்க் காலத்தில் சிகரெட் பிடிக்கத் தொடங்கியவர்கள். சிகரெட்தான் காரணம் என்று அவர் ஊர் ஊராகச் சொன்னார். கிரஹாம் ஏற்கவில்லை. அவரே ஓயாமல் புகைப்பவர்.

எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர் வந்து, நோயாளிகளிடம் கேட்டுக் கணக்கெடுக்க அனுமதி கேட்டார். கிரஹாம் கொடுத்தார். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அவரை வணங்கலாம் என்பது என் எண்ணம். 1950இல் இருவர் பெயரிலும் 684 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் அதே முடிவுக்கு வந்தார்கள். 1953இல் சிகரெட் தாரை எலிகளின் தோலில் தடவிப் புற்றுநோய் உண்டாவதையும் கிரஹாம் கண்கூடாகக் கண்டார். புகைப்பதை விட்டார். காலம் கடந்துவிட்டது. 1957 மார்ச்சில், இரு நுரையீரலிலும் பரவிய புற்றுநோயால் இறந்தார். கண்டுபிடித்தபோதே கத்திக்கு வேலை இல்லாத கட்டம். அவர் காப்பாற்றிய கில்மோர் அவருக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தார்.

நம் பக்கம் வருவோம்.

நம் நாட்டில் மார்பு அறுவை காசநோயின் தோளில் ஏறி வந்தது. மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு ஓய்வும் காற்றும் உணவும்தான் சிகிச்சை. அதற்காகவே 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். இன்று ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்று, ஊசியால் மார்புக்குள் காற்றைச் செலுத்திச் சுருங்க வைப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஆறேழு விலா எலும்புகளை எடுத்து மார்புச் சுவரையே உள்வாங்கச் செய்வார்கள். ஒரு பக்க மார்பு குழிந்து, தோள் சாய்ந்து நடந்த பெரியவர்களை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் இந்தியாவின் முதல் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவின் மார்பு, இதய அறுவைக்கு நாற்றங்கால் அந்தத் துறைதான்.

பிறகு மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமானார்கள் என்று காட்டியது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களோ குடிசையில் இருந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், அரைவயிறு சாப்பிட்டவர்கள். உலகமெங்கும் சானடோரியங்களின் கதவு மூடியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. விலா எலும்பு எடுக்கும் அறுவையும் அதோடு ஓய்ந்தது. ஒரு நோய்க்கான அறுவை தேவையற்றுப் போவதைப்போல் ஓர் அறுவை மருத்துவனுக்கு நல்ல செய்தி வேறில்லை.

ஆனாலும் டி.பி. விட்டுப்போன சிதைவு இன்றும் எங்கள் மேசைக்கு வருகிறது. கிருமி செத்தாலும் நுரையீரலில் குழி நின்றுவிடும். அந்தக் குழிக்குள் பூஞ்சை புகுந்து பந்தாகத் திரளும். எப்போதோ ஒருநாள் திடீரென்று கிண்ணம் கிண்ணமாக ரத்தம் வரும். முதலில் தொடைவழியாகக் குழாய் செலுத்தி ரத்தக் குழாயை அடைத்து உயிரைக் காப்பார்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், உடல் தாங்குமானால், அந்த மடலை எடுக்க வேண்டும். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, தினமும் சளி சளியாக வந்துகொண்டிருக்கும் நோயும் அப்படித்தான். ஓர் இடத்தோடு நின்றால் அறுவை அருமையான பலன் தரும், இரு பக்கமும் பரவியிருந்தால் மருந்தும் பயிற்சியும்தான். மருந்துக்கு மசியாத டி.பி. பரவியதால், ஓய்ந்த அறுவை வேறு வடிவில் திரும்பவும் வந்திருக்கிறது. நாயின் குடல்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: அதில் ஊசி குத்திப் பார்க்கக் கூடாது. நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. சிதறாமல் எடுக்க வேண்டும். ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்குத் திடீரென்று நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசிவது, குழந்தைகளுக்கு நிமோனியாவுக்குப் பின் சீழ் கட்டி நுரையீரல்மேல் தோல்போல் மூடிக்கொள்வது, இவையெல்லாம் இன்று சிறு துளை வழியே கேமராவை விட்டுச் சரிசெய்யக் கூடியவை.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்காரர். பல வருடம் பீடி பிடித்தவர். இருமல் நிற்கவில்லை. பசியில்லை, எடை குறைகிறது. எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு. நம் நாட்டில் அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டி.பி. நினைப்பதில் தவறில்லை, இங்கே டி.பி. அதிகம். சளியைச் சோதிக்கிறார்கள், கிருமி இல்லை. இருந்தாலும் டி.பி.யாகத்தான் இருக்கும் என்று மாத்திரையைத் தொடங்குகிறார்கள். இரண்டு மாதம் போகிறது, திட்டு கரையவில்லை. இன்னும் கொஞ்சம் சாப்பிடட்டும் என்கிறார்கள். ஆறு மாதம் போகிறது. அதற்குள் குரல் கம்மிவிடுகிறது, கழுத்தில் நெறிகட்டுகிறது, முதுகு வலிக்கிறது. அப்போதுதான் எங்களிடம் வருகிறார். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மடலை எடுத்து முடித்திருக்கக் கூடிய நோய், இப்போது எந்தக் கத்தியாலும் எட்டமுடியாத இடத்தில் இருக்கிறது. இந்தக் கதையை நான் ஒருவரிடம் மட்டும் பார்க்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புகைக்காத, விறகடுப்பின் முன்னே காலம் கழித்த பெண்களிடமும் பார்க்கிறேன்.

கட்டம் மாறினால் கணக்கு எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். உலக அளவில் திரட்டிய கணக்குப்படி, 1 சென்டிமீட்டருக்குள் அடங்கி, எங்கும் பரவாத கட்டியோடு கண்டறியப்பட்டவர்களில் 100க்கு 92 பேர் ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருக்கிறார்கள். பிற உறுப்புகளுக்குப் பல இடங்களில் பரவியபின் கண்டறியப்பட்டவர்களில் 100க்கு 10 பேருக்கும் குறைவு. மருந்து எவ்வளவோ முன்னேறிவிட்டது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் காலம்தான்.

அப்படியானால் எல்லாரும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதிகம் புகைத்த 53,000க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். ஆண்டுக்கொரு முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் நம் ஊரில் ஸ்கேன் எடுத்தால் பழைய டி.பி. தழும்புகள் ஏராளமாகத் தெரியும். பெட் ஸ்கேனிலும் டி.பி. புற்றுநோயைப் போலவே ஒளிரும். அதனால் எல்லாரும் வரிசையில் நிற்பது சரியல்ல. ஐம்பது தாண்டிய, நிறையப் புகைத்தவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். மற்றவர்களுக்கு, அறிகுறி வந்தவுடன் முறையாகச் சோதித்தாலே போதும்.

முறையான சோதனை என்றால் கடைசியில் அது பயாப்சிதான். இங்கே உங்கள் இரண்டாவது பயம் வழிமறிக்கிறது. "சதை எடுத்தா பரவிடும்." இது எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஸ்கேன் இல்லாத காலத்தில் மார்பைத் திறந்து பார்த்தபிறகுதான், எடுக்க முடியாத அளவுக்கு நோய் பரவியிருப்பது தெரியும். அப்படியே மூடிவிடுவார்கள். சில மாதத்தில் அவர் இறந்துபோவார். ஊரார் கண்ணில் நன்றாக நடமாடியவர் கத்தி பட்டதும் போய்விட்டார். அந்த நினைவு தலைமுறை தாண்டி நிற்கிறது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. உண்மையில் ஊசிப் பாதையில் நோய் பரவுவது மிக மிக அரிது. அந்த அரிதான ஆபத்துக்குப் பயந்து, என்ன நோய் என்றே தெரியாமல் சிகிச்சை எடுப்பது பேராபத்து. இன்று மூச்சுக்குழாய் வழியாகவே அல்ட்ராசவுண்ட் முனையுள்ள குழாயை விட்டு, நடு மார்பின் நெறிக்கட்டிகளில் இருந்து துளி சதையை எடுத்துவிடலாம். திறந்து பார்த்து மூடும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

சரி, நோய் உறுதியானது, அறுவைக்கு ஏற்ற கட்டம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, இந்த உடல் தாங்குமா? ஊதிக் காட்டும் சோதனையில் நுரையீரலின் திறனை அளப்போம். பழைய முறை ஒன்றும் இருக்கிறது, எனக்கு இன்றும் அதில் நம்பிக்கை உண்டு. நோயாளியோடு சேர்ந்து மாடிப்படி ஏறுவது. மூன்று மாடி நிற்காமல் ஏறுகிறவர் ஒரு மடலை இழந்தாலும் தாங்குவார், ஐந்து மாடி ஏறுகிறவர் ஒரு நுரையீரலையே இழந்தாலும் தாங்குவார் என்பது அந்தக் கணக்கு. பீடி, சிகரெட்டை அன்றே நிறுத்த வேண்டும். மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்போம். எல்லாரும் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். மெதுவாக, ஆழமாக இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். இந்தச் சின்னப் பயிற்சி, அறுவைக்குப்பின் வரும் நிமோனியாவைத் தடுக்க உதவும்.

வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. கிரஹாமின் காலத்தில் முழு நுரையீரலையும் எடுப்பதே வழக்கமானது. பிறகு, கட்டி உள்ள மடலையும் அதைச் சார்ந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தால் போதும் என்று தெளிந்தது. நல்ல மையங்களில் ஒரு மடல் எடுக்கும் அறுவையில் இன்று இறப்பு 100க்கு 1 அல்லது 2. இப்போது அதையும் தாண்டி வந்திருக்கிறோம். 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஓரத்தில் உள்ள 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில், மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்கள் முழு மடல் எடுத்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே உயிர்வாழ்ந்ததைக் காட்டினார்கள். ஐந்தாண்டில் 94.3 சதவீதம், 91.1 சதவீதம். சிறிதாக இருக்கும்போதே வந்தால் சிறிதாகவே எடுத்து அனுப்பலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. விலா எலும்புகளை அகட்டாமல் இரண்டு மூன்று துளைகள் வழியாகச் செய்வதால் வலி குறைவு, பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். ரோபோ இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. எடுக்கவேண்டியதை முழுதாக எடுக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

எடுத்த இடம் காலியாகவே இருக்குமா என்றும் கேட்பார்கள். மீதி மடல்கள் விரிந்து நிரப்பும், உதரவிதானம் சற்று மேலே ஏறும். முழு நுரையீரலும் எடுத்த பக்கத்தில் திரவம் ஊறி நிறையும்.

அறுவையோடு மருந்தும் கைகோத்துவிட்டது. சில கட்டிகளில், குறிப்பாகப் புகைக்காத ஆசியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால், அறுவைக்குப்பின் அதற்கென உள்ள மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 88 சதவீதம். மாத்திரை இல்லாதவர்களில் 78. வேறு சிலருக்கு அறுவைக்கு முன்பே, நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கிறோம். ஓர் ஆய்வில் அப்படிக் கொடுத்தபோது 100க்கு 24 பேரிடம், எடுத்த பகுதியில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்கிறோமே, அது நம் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு 1951 செப்டம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே இடது நுரையீரலை எடுத்தார் சர் கிளமென்ட் பிரைஸ் தாமஸ். புற்றுநோய் என்பதை மன்னரிடமே மறைத்தார்கள். 1952 பிப்ரவரியில் மன்னர் உறக்கத்திலேயே இறந்தார். அரண்மனையில் செய்தாலும் குடிசையில் செய்தாலும் இது தவறென்றே நான் நினைக்கிறேன். தனக்கு என்ன நோய் என்று தெரியாதவர் பீடியை ஏன் விடுவார்? வலியோடு ஏன் மூச்சுப் பயிற்சி செய்வார்? மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். எங்களையும் சொல்லவிடுங்கள். நம் மக்கள் நாம் நினைப்பதைவிட மனவுறுதி உள்ளவர்கள்.

புகையால் நுரையீரல் ஊதிப்பெருத்து மூச்சு வாங்குகிறவர்களுக்கும் அறுவை உண்டா என்று ஒரு நண்பர் எழுதிக் கேட்டிருந்தார். மிகச் சிலருக்கு உண்டு. மேல்பகுதி மட்டும் கெட்டு, நடக்கும் திறன் குறைந்தவர்களுக்குக் கெட்ட பகுதியை எடுப்பது உதவியதாக 2003இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. நுரையீரல் மிகவும் நலிந்தவர்களிடம் செய்தபோது 100க்கு 16 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்ததையும் அதே ஆய்வுதான் கண்டது. ஆகவே ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்யவேண்டியது. நுரையீரல் மாற்று அறுவை 1963இல் முதன்முதலாக நடந்தபோது நோயாளி 18 நாட்கள் வாழ்ந்தார். இன்று சென்னையிலேயே அது நடக்கிறது. உறுப்பு தானம் செய்யும் குடும்பங்கள் இல்லாமல் அது நடக்காது, அவர்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள், அரசு மருத்துவமனையில் டி.பி.க்கான சோதனை இலவசம். சளியில் ஒரு துளி ரத்தம் வந்தாலும் சூடு என்று விட்டுவிடாதீர்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், ஒரு திட்டு வளர்கிறதா, பல வருடமாக அப்படியே இருக்கிறதா என்பதை அவைதான் எங்களுக்குச் சொல்லும். டி.பி. மாத்திரை தொடங்கினால், "சளியில் கிருமி இருந்ததா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், வேறு எப்படி உறுதிசெய்தீர்கள் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பணத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவைக்கு இடமுண்டு.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் ஏதோ ஒரு சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பீர்கள். கிருமி காணாமலே டி.பி. மாத்திரை எழுதவேண்டிய நிலை வந்தால், அந்தச் சீட்டிலேயே மறு எக்ஸ்ரேக்கான தேதியையும் எழுதுங்கள். அந்தத் தேதியில் திட்டு கரையவில்லை என்றால், ஒரு நாளும் தாமதிக்காமல் சி.டி. ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் அனுப்பிவிடுங்கள்.